பல்செட் அக்காவின் சரக்கு ரயில்

என் அக்காவை எல்லாரும் பல்செட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் வாய் அளவை வார்த்து அனுப்புவார்கள். அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அதற்குப் பொருத்தமாகப் பல்செட் செய்வாள். செய்ததை டாக்டர்களிடம் கொண்டு சேர்ப்பது என் வேலை. என் வண்டிப் பெட்டிக்குள் எந்நேரமும் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அக்காவிடம் வாங்கும் திட்டைத் தவிர இந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முன்னறை மேசையில் பாதி பல்லுக்கு, பாதி ரயிலுக்கு. வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் அத்தான் தண்டவாளம் போட்டிருக்கிறார். சமையலறை வாசலில் கிளம்பி, தக்காளிப் பாத்தியைத் தாண்டி, எலுமிச்சை மரத்தைச் சுற்றி வளைந்து, மறுபடி வாசலுக்கே வந்து சேரும் பாதை. இன்ஜின் மட்டும் கடையில் வாங்கியது. பின்னால் ஓடும் சரக்கு வண்டிகள் அத்தனையும் அக்காவின் கைவேலை. பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் நீளம், தூக்கினால் கை கனக்கும்.

பலகையை இழைத்து உடம்பு செய்வாள். பல்செட்டுக்குப் போடும் கம்பியை வளைத்துக் கொக்கி செய்வாள். ஈறு செய்கிற பொடியைக் குழைத்து, ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்து ரிவிட் வரிசை அமைப்பாள். ஒவ்வொரு ரிவிட்டும் கடுகில் பாதி இருக்கும். முதல் வண்டிக்குக் கூரையையே அந்தப் பொடியில்தான் வார்த்தாள். கூரை அசல் ஈறு நிறத்தில் பளபளவென்று வந்து நின்றது. வண்டி கொட்டாவி விடுகிறது என்று நான் சொன்னேன். அன்று மாலையே அதற்குச் சாம்பல் வர்ணம் அடித்துவிட்டு, ஒரு வாரம் எனக்கு டீ தரவில்லை.

அத்தான் தரை போடுகிறவர். டைல்ஸ்காரர் என்றால் அக்கம்பக்கத்தில் தெரியாதவர் இல்லை. அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். குளியலறையில் ஊற்றிய தண்ணீர் யாரும் சொல்லாமலே குழாய்ப் பக்கம் போய்விடும். மனிதருக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும், மனசு வெள்ளை. போன வருஷத்திலிருந்து அவர் வேலை எடுப்பதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்றார். நாங்களும் நம்பினோம். தண்டவாளம் போட மட்டும் முழங்கால் எப்படி மடங்கியது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நிஜமான சரக்கு வண்டியின் பக்கவாட்டில் சுமை எவ்வளவு, காலி எடை எவ்வளவு, எந்த ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றெல்லாம் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அக்காவும் தன் வண்டிகளில் அப்படியே எழுதுவாள். மூன்றாவது வண்டி முடிந்த அன்று அவளுக்குக் குறும்பு தலைக்கேறிவிட்டது. நிலக்கரி ஏற்றும் அந்தத் திறந்த வண்டியின் பக்கத்தில் ஒற்றை மயிர் தூரிகையால் எழுதினாள்: ‘அதிகபட்சச் சுமை: டைல்ஸ்காரர் பிடிவாதம், பாதி மட்டும்.’

எழுதிவிட்டு அத்தான் கையில் கொடுத்தாள். அவர் படிப்பார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், ஒரு மணி நேரம் கத்துவார், அப்புறம் சிரித்துவிடுவார் என்பது அவள் கணக்கு. அத்தான் வண்டியை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

“எழுத்தெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு,” என்றார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவர் கண்மணியில் பால் திரிந்தது போல ஒரு வெண்மை இருப்பதைக் கவனித்தாள். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவருக்கு முழங்கால் வலியே இல்லை, கண்தான் போகிறது, அதை யாருக்கும் தெரியாமல் மூடி மறைக்கிறார் என்றாள். கண்ணில் புரை, எடுத்தால் சரியாகிவிடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அவரிடம் சொல்வதுதான் பாடு. ஒரு தடவை, சும்மா கண்ணைக் காட்டிவிட்டு வரலாமே என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். கண் போன தரைக்காரனை யார் கூப்பிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. கண்ணை வெட்டுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரியது. அக்காவுக்கு ஒரே பயம்தான், இவர் இப்படியே ஒற்றைக்காலில் நின்று கண்ணைத் தொலைத்துவிடுவாரோ என்று.

ஆனால் எழுதுவதை அவள் நிறுத்தவில்லை. என்றைக்காவது படிப்பார் என்று ஒவ்வொரு வண்டியிலும் எழுதினாள். மூடிய வண்டியில், ‘உள்ளே குறட்டை. மெதுவாகத் திறக்கவும்.’ எண்ணெய் வண்டியில், ‘டீ. மூன்றாவது தடவை கேட்டால் கிடைக்காது.’ அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. எல்லாரும் வண்டியின் அழகில் மயங்குகிறார்கள் என்று நினைத்து அத்தான் மீசையைத் தடவிக்கொள்வார்.

இதற்கு நடுவே எலுமிச்சை மரத்து வளைவில் வண்டிகள் கவிழத் தொடங்கின. இன்ஜின் தாண்டிவிடும், பின்னால் வரும் வண்டிகள் ஒவ்வொன்றாகத் தக்காளிப் பாத்தியில் போய்ப் படுக்கும். பெரிய ரயில்வேயில் வண்டி கவிழ்ந்தால் பாதைக்காரர் வண்டியைக் குறை சொல்வார், வண்டிக்காரர் பாதையைக் குறை சொல்வார். எங்களுக்கு இரண்டு இலாகாவும் ஒரே கூரைக்குக் கீழே. உன் சக்கரம் கோணல் என்பார் அத்தான். உங்கள் பாதையைப் பாருங்கள் என்று சொல்ல அக்கா வாயெடுப்பாள், உடனே விழுங்கிவிடுவாள். அவள் வாயை அடக்கி நான் பார்த்தது அந்தச் சில வாரங்களில் மட்டும்தான்.

ஒரு நாள் அத்தான் கடைக்குப் போன நேரம், அக்கா ஒரு நீலத் தாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். பல்செட்டை மாட்டி அந்தத் தாளைக் கடிக்கச் சொன்னால், எந்தப் பல் சரியாகப் படுகிறது, எது படவில்லை என்று நீலக்கறை காட்டிவிடும். அந்தத் தாளை வளைவில் தண்டவாளத்தின் மேல் விரித்து, வண்டியை மெதுவாக உருட்டினாள். மூன்று சக்கரத்தில் நீலம் ஒட்டியது. நாலாவது சக்கரம் சுத்தமாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு பக்கத் தண்டவாளம் தாழ்ந்து கிடந்ததால் சக்கரம் அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. கோலிக்குண்டு நகராத தரை போட்ட மனுஷனுடைய பாதை அது. அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

பாதையைத் தொட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அவள் வண்டிகளைக் கழற்றினாள். ஒவ்வொரு வண்டியிலும் முன்சக்கர ஜோடி மட்டும் நடுவில் ஒரு ஆணியில் தொங்கி, மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆடும்படி மாற்றினாள். தண்டவாளம் எப்படி இருந்தாலும் நாலு சக்கரமும் அதன் மேல் உட்காரும். பல்செட் வேலை பின்தங்கியது. டாக்டர்கள் என்னைப் பிடித்துக் காய்ச்சினார்கள். பல்லில்லாமல் காத்திருந்தவர்களை நினைத்து நான் வருந்தினேன், அக்கா வருந்தவில்லை.

எல்லா வண்டியும் மாற்றி முடிந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி ரயிலைப் பார்க்க வந்தார். அக்கா மகளுடைய மாமனார். தங்கமான மனுஷன், ஆனால் எழுத்தைக் கண்டால் விடமாட்டார். பஸ்ஸில் ‘கையை வெளியே நீட்டாதீர்’ என்றிருப்பதைக்கூடப் புதுச் செய்தி மாதிரி உரக்கப் படிப்பார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும் என்று அக்கா நினைத்திருந்தாள். அவர் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தான் இன்ஜினைக் கிளப்பினார். ரயில் தக்காளிப் பாத்தியைத் தாண்டியது. வளைவுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வண்டியும் லேசாகத் தோளைக் குலுக்கிக்கொண்டு, ஒன்றுகூடக் கவிழாமல் மரத்தைச் சுற்றி வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“பாதை சரியா இருந்தா வண்டி ஏன் கவிழப் போகுது, சொல்லுங்க சம்பந்தி,” என்றார் அத்தான்.

ரயில் சம்பந்தியின் காலடியில் வந்து நின்றது. அவர் குனிந்தார். “உள்ளே குறட்டை. மெதுவாகத் திறக்கவும்,” என்று படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா கையைக் காட்டினாள், கண்ணைக் காட்டினாள். அவர் பார்த்தால்தானே. அடுத்து நின்ற, மேலே திறந்த தட்டை வண்டியையும் உரக்கப் படித்தார். “முழங்கால் வலி என்று சொல்லிக் கண் வலியை மறைப்பவர் இதில் ஏறக் கூடாது.” கடைசி வார்த்தை வரும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

அத்தான் அந்த வண்டியைத் தூக்கினார். மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எழுத்திருந்த இடத்தை விரலால் தேடினார்.

“எப்பலேருந்து எழுதற?” என்று கேட்டார்.

“மூணாவது வண்டிலேருந்து.”

“இன்னும் என்னென்ன எழுதியிருக்க?”

அக்காவின் கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் கெட்டியாகவே வந்தது. “படிச்சுக் காட்ட மாட்டேன். உங்களுக்காக எழுதினது. நீங்களே படிச்சுக்கங்க.”

சம்பந்திதான் எங்களைக் காப்பாற்றினார். தனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று என்றார். அதற்கு முன்னால் பஸ் நம்பரைக்கூடப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் ஏறுவாராம். “கண்ணு தெரிஞ்ச அன்னிக்கு ஆரம்பிச்ச பைத்தியம், இந்தப் போர்டு படிக்கறது. இன்னும் ஆசை தீரல,” என்றார். வெட்டினால் வலிக்குமா என்று அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பல் பிடுங்குவதில் பாதிகூட இல்லை என்றார் சம்பந்தி. அக்கா அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு, என்றைக்குப் போகலாம் என்று கேட்டாள்.

முதலில் ஒரு கண், கொஞ்ச நாள் விட்டு மறு கண். எல்லாம் ஆகி, சொட்டு மருந்தும் முடிந்த பிறகு ஒரு காலை அத்தான் டீயை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் போய் உட்கார்ந்தார். ரயிலை வரிசையாக நிறுத்தச் சொன்னார். முதலில் அவர் எழுத்தைப் படிக்கவில்லை. ரிவிட்டைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அழகு, அழகு என்று சொன்னாரே தவிர அப்போதுதான் பார்க்கிறார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு படிக்க ஆரம்பித்தார். பிடிவாதத்துக்குக் கத்தினார், குறட்டைக்குக் கத்தினார், டீ வண்டியைப் படித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அக்கா சமையலறை வாசலில் நின்று ஒவ்வொரு திட்டையும் பரிசு வாங்குவது போல வாங்கிக்கொண்டாள்.

கடைசியில், ரயிலின் வாலில் கார்டு ஏறி வரும் கார்டு பெட்டி. அதில் எழுதியிருந்ததை நான்கூட அதுவரை படித்ததில்லை. ‘இதைப் படித்தவுடன் என்னைத் திட்டலாம். காத்திருக்கிறேன்.’

அத்தான் திட்டவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சிவிட்டுத் தலையை நிமிர்த்தியவர் கண்ணில் எலுமிச்சை மரத்து வளைவு பட்டது. எழுந்து போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“இந்த வளைவை எந்தக் குருட்டுப் பய போட்டான்?” என்றார்.

“என் வீட்டுக்காரர்தான்,” என்றாள் அக்கா. “மனுஷன் நல்லவரு. வேலைதான் சுமாரு.”

சிரிப்பு எங்கள் மூன்று பேரில் யாரிடமிருந்து முதலில் வந்தது என்று தெரியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் அத்தான் என்னைப் பார்த்து, தரை மட்டம் பார்க்க வைத்திருந்து, பரணில் போட்டுவிட்ட தன் ரசமட்டத்தைத் துடைத்து எடுத்துவரச் சொன்னார்.