முதல் கை

ஜாஸ் விழாவின் அமைப்பாளரை நகரத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘முதல் கை’ என்றால்தான் தெரியும். பகலில் டயர் கடை, மாலையில் விழா வேலை என்று ஓடிக்கொண்டிருந்த அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது. இளமையில் டிரம்ஸ் பழகப்போனார். ஆசிரியரே கைகூப்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவருக்கு வந்ததெல்லாம் கைதட்டுவதுதான்.

விழா தொடங்கிய புதிதில் மண்டபத்துக்கு வந்தவர்கள் பாட்டு முழுவதும் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜாஸுக்கு அது ஆகாது. ஒவ்வொரு கலைஞரும் தம் முறை வரும்போது மனத்தில் தோன்றியதைத் தனியே வாசிப்பார். முடித்ததும் அரங்கம் தட்டும். அந்த ஓசையோடு அடுத்தவர் தொடங்குவார். இதைப் பழக்குவதற்காக அவர் மேடையோரத் திரைக்கருகே நின்று, உரிய இடத்தில் முதலில் தட்டினார். உள்ளங்கையைக் குழித்துத் தட்டும் அந்த ஓசை கடைசி வரிசைவரை எட்டும். நாளடைவில் அவர் தட்டினால் ஊரே தட்டியது. அதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமிதம்.

விழாவையே அவர் தொடங்கியது சாக்ஸபோன் வாசிக்கும் அண்ணனுக்காகத்தான். ஈறு நோயில் முன்பற்கள் போனதும் அண்ணனின் வாசிப்பு நின்றது. பல் செட் கட்டிக்கொண்டு, வீட்டுப் பின்னறையில் முதல் பாடத்திலிருந்து மறுபடி பழகி, ஓர் ஆண்டு விழாவில் மீண்டும் மேடையேறத் துணிந்தார். ஒத்திகையில் செட் நழுவியது.

“பல்லு மேடைக்கு வரமாட்டேங்குதுடா. அதுக்குத் தனியா ஒரு நாற்காலி போடு” என்று அண்ணன் சிரித்தார்.

“விளையாடாதீங்கண்ணே. வேணாம்னா இந்த வருஷம் விட்டுடலாம்.”

“நீ விட்டுடுவே. இப்ப ஏறலேன்னா இனிமே நான் ஏறவே மாட்டேன்டா.”

விழா மேடையில் அண்ணனின் முறை வந்தது. தாழ்ந்த குரலில் ஒரு சிறு துணுக்கை வாசித்தார். அதையே சற்று உயர்த்தி வாசித்தார். மூன்றாம் முறை பாதியில் நிறுத்தினார். பின்னணி வாத்தியங்களும் நின்றன. அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

திரையோரத்தில் நின்றவருக்கு அண்ணனின் இறுகிய தாடையும் மூடிய கண்களும் மட்டுமே தெரிந்தன. செட் நழுவிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். அண்ணன் நாலு பேர் முன்னால் தலைகுனிவதற்குள் எப்படியாவது மூடி மறைக்க வேண்டும். தட்டினார். மண்டபம் முழுவதும் அவரைத் தொடர்ந்து தட்டியது. தம் முறை வந்துவிட்டதென்று பியானோக்காரரும் தொடங்கிவிட்டார்.

அண்ணனின் கன்னங்களில் காற்று நிறைந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். விரல்கள் அடுத்த சுரத்தை ஏற்கெனவே அழுத்தியிருந்தன. சிறிது நேரம் அப்படியே நின்ற அண்ணன், கருவியை இறக்கிக்கொண்டு, கைதட்டலுக்குத் தலைவணங்கினார்.

ஒப்பனை அறையில் அண்ணி பொரிந்து தள்ளினார். “யாரு தம்பி அந்த அவசரக்குடுக்கை? நீங்க இப்படித் தப்பான இடத்துல தட்ட மாட்டீங்களே. பக்கத்துலதானே நின்னீங்க, பாத்தீங்களா?”

“தெரியல அண்ணி. முன்வரிசையில யாரோ.”

அண்ணன் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அண்ணி தேநீர் வாங்கப் போனபின்தான் வாயைத் திறந்தார்.

“உன் கை எப்படா முன்வரிசைக்குப் போச்சு?”

“பல்லுன்னு நெனச்சுட்டேண்ணே.”

“சின்ன வயசுலேர்ந்து கேக்கறே. நான் நிறுத்தறதுக்கும் தடுக்கி விழறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?”

“தெரியும்ணே.”

“அப்ப தெரிஞ்சுதான் நம்பல.” குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரை அறுத்தது. “அடுத்த வருஷமும் வாசிக்கத்தான் போறேன். அப்ப மட்டும் நீ உள்ள இருக்காதே.”

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அண்ணன் மேடையேறும் நேரத்தில் அவர் வெளியே போய், வண்டி நிறுத்துமிடத்தில் கார்களை ஒழுங்குபடுத்தினார். ஊர் வாய் சும்மா இருக்குமா? அண்ணன் பேர் வாங்குவது தம்பிக்குப் பொறுக்கவில்லை என்றார்கள். சொத்துத் தகராறு என்றும் சொன்னார்கள்.

“என்ன முதல் கை, அண்ணன் புகழ் கண்ணைக் குத்துதோ?” என்று கடைக்கு வந்த வாடிக்கையாளர் சீண்டுவார்.

“கொஞ்சம் பொறாமைதாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் டயரைக் கழற்றத் தொடங்குவார்.

அண்ணியும் அதை நம்பினார். தம்பி வீட்டுக்கு வந்தால் “வாங்க” என்ற ஒரு சொல்லோடு அண்ணி உள்ளே போய்விடுவார். இதைப் பார்த்துப் பொறுக்காமல் அண்ணனே ஒருநாள், “நடந்ததை அவகிட்ட சொல்லிடறேன்டா” என்றார்.

“வேணாம்ணே” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. “நான் உங்களை நம்பலேன்னு அண்ணிக்குத் தெரியவேணாம். பொறாமைக்காரனாவே இருந்துட்டுப் போறேன்.”