சிமெண்டுக்கு மசியாத சுவர்

பூச்சு வேலை பார்க்கும் அந்தக் கொத்தனாருக்குத் தெருவில் ‘சிமெண்டு’ என்றுதான் பெயர். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே மருந்து. குழாய் கசிந்தாலும் அதுதான், கதவு நிலை ஆடினாலும் அதுதான். அவருடைய வீட்டுச் சுவர் மட்டும் அதற்கு மசியவில்லை.

வீடு நூறு வருஷத்துப் பழசு. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசினார். ஈரம் பூத்தது. இன்னும் கனமாகப் பூசினார். ஈரம் ஓரடி மேலே ஏறிக்கொண்டது. மூன்றாம் தடவை, நீர் புகாத பூச்சு. மகளுக்கு இருமல் பிடித்ததுதான் மிச்சம்.

“எங்கண்ணன் வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு,” என்றாள் மனைவி. “ரெண்டு மாசம் பார்ப்பேன். அப்புறம் நானும் பிள்ளையும் கிளம்பிடுவோம். நீங்க சுவரோட குடித்தனம் பண்ணுங்க.”

சொன்னால் செய்துவிடுகிறவள்.

அன்று மாலை மகளைத் தேடினால், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“இங்க எதுக்கும்மா ஒடுங்கிக் கிடக்கிற?”

“இங்க இருமல் வரலப்பா.”

அதுவும் அதே சுவர்தான். கையை நீட்டித் தடவினார். சருகாகக் காய்ந்திருந்தது. மூன்று தடவையும் அந்த மூலையை அவர் பூசவில்லை. தொந்தி உள்ளே போகவில்லை. பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

“உங்க கை படாத இடம் மட்டும் நல்லாருக்கு,” என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு இத்தனை வருஷமாக வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதன் வாயைப் பொத்தியது தான்தான் என்பது அவருக்கு உறைத்தது.

மறுநாளே உளியை எடுத்தார். கொத்திப் போட்ட பூச்சு வாசலில் குவிந்தது. செங்கல் காயும்வரை காத்திருந்து, சுண்ணாம்பும் மணலும் குழைத்து மெல்லிசாகப் பூசினார். அது அவர் அவசரத்துக்கு இறுகவில்லை. தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டு பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்போல நடந்தார்.

“ஆச்சா?”

“அவசரப்படுத்தக் கூடாது.”

“யாரு, நீங்களா பேசறது?”

எட்டாவது வாரம் மனைவி சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். உள்ளே மகள் இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி போனை எடுத்தாள்.

“அண்ணே, மாடிக்கு வேற ஆளைப் பாரு. சண்டையா? அதெல்லாம் இல்ல. அவரு பூசினதை அவரே பேர்த்துட்டாரு.”