நான்கு அங்குலம் வெட்டிய துப்பாக்கிகள்

வனத்துறையின் ஆயுதக் கிடங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மில்லி’தான். புதிதாக வந்த அலமாரி இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று தச்சரை மூன்று தடவை வரவழைத்த நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. குழாய் செய்யும் ஆலையில் பத்து வருடம் லேத்தில் நின்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். காவலர்களின் நாற்பது துப்பாக்கிகளும் அவள் பொறுப்பு. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது, இறங்கும். அப்படி இறங்கிவிட்டால் கிடங்கில் நிற்கிற அத்தனை பேருக்கும் வேறெங்கோ அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

துணை அதிகாரிக்குக் காவலர்கள் வைத்த பெயர் ஷார்ட்கட். எந்தக் கோப்பையும் முதல் பக்கம், கடைசிப் பக்கம் மட்டும் பார்ப்பவர். அவர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். காவலர்களின் குறை நியாயமானது: நீளத் துப்பாக்கி ஜீப்பின் கூரையில் இடிக்கிறது, புதருக்குள் நுழைந்தால் கொடியில் சிக்குகிறது, சட்டென்று திருப்ப முடியவில்லை.

“குழலை நாலு அங்குலம் வெட்டிடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?”

“வெட்டலாம் சார்.”

அவள் மல்லுக்கு நிற்பாள் என்றே அவர் எதிர்பார்த்திருந்தார். “குறி தப்பாதா?”

“நீளம் குறையறதால குறி தப்பாது சார். எல்லாரும் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காங்க. குட்டைக் குழல் விறைப்பா நிக்கும், அதிர்வு கம்மி. வேகம்தான் குறையும். மருந்து எரிஞ்சு வர்ற வாயு குண்டைத் தள்ளுற தூரம் குறையுதில்ல? வினாடிக்கு எண்ணூறு மீட்டர் போறது ஒரு முப்பது குறையும். நம்ம ஆளுங்க நூறு மீட்டரைத் தாண்டிச் சுடுறதே இல்ல, அது பெரிசா தெரியாது. சத்தமும் நெருப்பும் முகத்துக்குக் கிட்ட வரும். குழல் மேல குறி பார்க்குற முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவுல இடைவெளி சுருங்குறதால, கண்ணு கொஞ்சம் பிசகினாலும் இலக்குல பெரிசா காட்டும். பழகிடுவாங்க. ஆனா…”

“அதான் ஒத்துக்கிட்டீங்களே, அப்புறம் என்ன ஆனா?”

“வெட்டின வாயை லேத்துல போட்டுச் சீரா கடையணும். குண்டு கடைசியா தொட்டுட்டு வெளிய போற விளிம்பு அது. அங்க ஒரு பக்கம் கோணலா இருந்தா வாயு ஒரு பக்கமா பீறிக்கிட்டு வந்து குண்டைத் தள்ளிவிட்டுடும். முன்குறியையும் கழட்டித் திரும்பப் பொருத்தணும். ஒவ்வொண்ணா சுட்டுப் பார்க்கணும். ரெண்டு மாசம் கொடுங்க சார்.”

இதையே இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்தாள். அதற்குள் பித்தப்பைக் கல் அவளைப் படுக்கையில் தள்ளியது. அறுவை சிகிச்சை, மூன்று வாரம் விடுப்பு. வயிற்றுத் தையலைக் கையால் தாங்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, நாற்பது துப்பாக்கிகளும் குட்டையாகி வரிசையில் நின்றன. ஒன்பதே நாளில் முடித்துக் கொடுத்தது கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற ஒரு பட்டறை.

முதல் துப்பாக்கியின் வாயில் விரலை வைத்தாள். பிசிறு குத்தியது. ரம்பம் ஓடிய கீறல் அப்படியே இருந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. முன்குறி குடிகாரன் தொப்பி மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படி. ஏழாவதோடு நிறுத்திவிட்டு மாடியில் ஷார்ட்கட்டின் அறைக்குப் போனாள்.

“இதுக்கு யார் சார் கையெழுத்துப் போட்டது?”

“நீங்க லீவுல இருந்தீங்க. நானே போட்டேன்.”

“சுட்டுப் பார்த்தீங்களா?”

“பார்த்தாச்சு. எல்லாமே வெடிக்குது.”

அவள் குரல் இறங்கியது. “வெடிக்குறதுக்குப் பட்டாசு போதும் சார்.”

ஒன்றைக்கூட வெளியே விட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே மாற்றுச்சாவியால் கதவைத் திறந்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

பதினோராம் நாள் காட்டெருமை ஒன்று செங்கல் சூளைக்குள் புகுந்து ஒரு தொழிலாளியைக் குத்திப் போட்டது. சுடச் சொல்லி உத்தரவு வந்தது. அனுப்பப்பட்டவன் அவளுடைய கொழுந்தன், கணவனின் தம்பி. வீட்டில் எல்லாருக்கும் ‘சின்னவன்’. பதினாறு வருடக் காவலன். துறையில் அவனைவிட நன்றாகச் சுடுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அடுக்கிய செங்கல் மேல் துப்பாக்கியைத் தாங்கவைத்து, எழுபது மீட்டரில் நின்ற மிருகத்தின் தோளுக்குக் குறிவைத்தான். குண்டு பின்னால் விலகி வயிற்றில் பட்டது. அடுத்த குண்டு மண்ணைக் கிளப்பியது. மூன்றாவதற்கு அவகாசம் இல்லை. எருமை அவன் மேல் ஏறிப்போய் இடுப்பெலும்பை நொறுக்கியது.

ஆஸ்பத்திரி நடையில் ஓரகத்தி, சின்னவனின் மனைவி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. “நீங்கதானே அக்கா துப்பாக்கி எல்லாம் பாக்குறது? எனக்குப் புரியலை. நீங்க பார்த்த துப்பாக்கியா அது?”

‘நான் தடுத்தேன்’ என்று சொல்லப்போன மில்லி நிறுத்திக்கொண்டாள். தடுத்திருந்தால் இவன் ஏன் இங்கே படுத்திருக்கிறான்?

இரண்டு வாரத்தில் விசாரணை அறிக்கை அறிவிப்புப் பலகையில் ஆணி குத்தி மாட்டப்பட்டது. காவலருக்குப் பதற்றம், போதிய பயிற்சியின்மை, ஆகவே குறி தவறியது. கீழே சின்னவனின் கையெழுத்து. ஒப்புதல் வாக்குமூலம்! அவள் அந்தத் தாளை ஆணியோடு பிய்த்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“எதுக்குடா இதுல கையெழுத்துப் போட்ட?”

“கை நடுங்கியிருக்கும் அண்ணி.” கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எழுபது மீட்டர்ல மாடு மாதிரி ஒண்ணைத் தவறவிட்டிருக்கேன். வேற என்னன்னு சொல்ல?”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஷார்ட்கட் செய்ததிலேயே பெரிய அக்கிரமம் இதுதான் என்று தோன்றியது. எலும்பு உடைந்தது போதாதென்று, அவன் கையையே அவனை நம்பவிடாமல் செய்துவிட்டார்.

கிடங்கில் காவலர்கள் வேறு மாதிரி பேசினார்கள். “நீளம் போச்சு, குறி போச்சு. பழைய குழல் இருந்திருந்தா எருமை அங்கேயே விழுந்திருக்கும்.”

“நீங்களும் உளறாதீங்க,” என்றாள் மில்லி. “நீளத்து மேல பழியைப் போட்டா வெட்டுன கை தப்பிச்சிடும்.”

தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். ஆறு கடிதம் போன பிறகு ‘கிடைக்கப்பெற்றது’ என்று மட்டும் வந்தது. ஏழாவதில் ஒரே வரி எழுதினாள்: ‘மீதி முப்பத்தொன்பது துப்பாக்கிகளும் இன்றும் ஆட்கள் கையில் இருக்கின்றன, அடுத்தவர் யார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.’ அதற்கு ஆள் வந்தது. கழுத்தில் கண்ணாடி தொங்க, அதிகம் பேசாத ஒரு பெண் அதிகாரி.

சுடுதளத்தில் சின்னவனின் துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் திருகிப் பூட்டினாள் மில்லி. யார் தோளும் அதன் மேல் படவில்லை. எழுபது மீட்டரில் பலகை. பத்து குண்டுகள். பலகையை எடுத்து வந்தபோது ஓட்டைகள் சாப்பாட்டுத் தட்டிலும் அடங்காமல் சிதறிக் கிடந்தன. அந்தச் சிதறல் முழுவதுமே குறியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருந்தது.

“தாங்கி ஆடியிருக்கும்,” என்றார் ஷார்ட்கட்.

அவள் குழலைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோனாள். ஒன்றரை மணி நேரம். கோணல் போகும்வரை வாயைக் கடைந்து, விளிம்பைப் பிசிறில்லாமல் தீட்டி, முன்குறியை நிமிர்த்திப் பொருத்தினாள். அதிகாரி பக்கத்திலேயே நின்று பார்த்தார். அதே தாங்கி, அதே பெட்டிக் குண்டுகள், அதே தூரம். இந்தத் தடவை பத்து ஓட்டைகளும் குறியின் நடுவிலேயே, ஒரு டம்ளர் வாயால் மூடிவிடுகிற அளவுக்குள் விழுந்திருந்தன.

“இப்ப குழலோட நீளம்?” என்று கேட்டார் அதிகாரி.

“காலையில இருந்ததைவிட ஆறு மில்லி குட்டை மேடம்.”

சுற்றி நின்ற காவலர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஷார்ட்கட்டின் முகம் சிவந்தது. “உங்க கொழுந்தனுக்காகத்தானே இவ்வளவு ஆர்ப்பாட்டமும்?”

“ஆமா சார், அவனுக்காகத்தான். ஆனா இந்த இரும்புத் தாங்கி எனக்குச் சொந்தக்காரன் இல்ல.”

அறிக்கை திருத்தப்பட்டது. நாற்பது துப்பாக்கிகளும் திரும்பப் பெறப்பட்டன. அவள் கையெழுத்தில்லாமல் இனி ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஷார்ட்கட்டை மாற்றினார்கள், இதைவிடப் பெரிய அலுவலகத்துக்கு. அதே தபாலில் அவளுக்கும் ஒரு குறிப்பாணை இருந்தது: அறிவிப்புப் பலகையிலிருந்து அரசு ஆவணத்தைக் கிழித்ததற்கு விளக்கம் தரவும். ‘கிழிக்கவில்லை, பிய்த்தேன்’ என்று எழுதி அனுப்பினாள்.

சின்னவன் ஆறு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வேலைக்கு வந்தான், வயர்லெஸ் அறைக்கு. அவனை மெதுவாக நடத்திச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்து ஓட்டை விழுந்த பலகைகள் இரண்டையும் காட்டினாள் மில்லி. அவன் விரலால் ஓட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“அப்ப நான் சரியாத்தான் சுட்டிருக்கேனா அண்ணி?”

“சரியாத்தான்டா சுட்டிருக்க.”

மேசைமேல் அவனுடைய துப்பாக்கி தயாராக இருந்தது. “உக்காந்துக்கிட்டே ஒரு ரவுண்டு சுட்டுப் பாரேன்.”

அவன் அதை ஒருமுறை பார்த்தான். “வேணாம் அண்ணி. இன்னொரு நாள் பார்க்கலாம்.”

அவள் வற்புறுத்தவில்லை. அவனை வயர்லெஸ் அறைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினாள். இன்னும் இருபத்திரண்டு துப்பாக்கிகள் பாக்கி. அடுத்ததை எடுத்து லேத்தில் பூட்டும்போது ரம்பக் கீறல் கண்ணில் பட்டது. யாரும் இல்லாத அறையில், ஆறு மாதத்துக்கு முந்தைய அதே சூட்டோடு, ஷார்ட்கட்டை வாய் நிறையத் திட்டிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டாள்.