மெயினை அணைத்தால் அழியும் திருத்தம்

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். அரியலூரில் ஸ்டெல்லா அக்கா நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் அடிக்கடி அப்படியே நின்றுவிடும். பிராசசரின் பிழையைச் சரிசெய்யும் மைக்ரோகோடு திருத்தத்தை ஏற்றினேன். "இனிமே நிக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போன் வந்தது. "தம்பி, மறுபடியும் நின்னுடுச்சு. காய்ச்சல்ல கெடக்குற கொழந்தையோட ரிப்போர்ட் உள்ள மாட்டிக்கிச்சு."

"நேத்து வூட்டுக்குப் போறப்ப மெயின் ஸ்விட்சை அணைச்சீங்களா? அதான் கெட்டுடுச்சு" என்றேன்.

அரியலூருக்கு பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. அந்தத் திருத்தம் மின்சாரம் இருக்கும்வரைதான் பிராசசரில் தங்கும். கம்ப்யூட்டரைப் போடும் ஒவ்வொரு முறையும், மற்ற எதற்கும் முன்னால் அது தானாக ஏறும்படி வைத்திருக்க வேண்டும். நானோ ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் ஒருமுறை கையால் ஏற்றியதோடு சரி.

நான் போய்ச் சேர்வதற்குள், ஸ்விட்சை அணைத்தது தன் தப்பு என்று குழந்தையின் அம்மாவிடம் அக்கா மன்னிப்புக் கேட்டிருந்தார்.

"தப்பு என்னோடதுக்கா" என்றேன், அந்த அம்மாவுக்கும் கேட்கும்படி.

அக்கா கோபிக்கவில்லை. "நான் தெனம் அணைச்சுட்டுத்தான் வூட்டுக்குப் போவேன். அதுக்குத் தோதா செஞ்சு குடுங்க."

செய்தேன். பிறகு மெயினை நானே அணைத்து, மறுபடி போட்டேன். திருத்தம் தானாக ஏறியிருந்தது. ரிப்போர்ட் வந்தது.

இப்போதெல்லாம் மெயினை அணைத்துப் பார்க்காமல் யாரிடமும் "சரியாயிடுச்சு" என்று சொல்வதில்லை. ஆனாலும், செய்யாத தப்புக்கு அக்கா கேட்ட மன்னிப்பை என்னால் திருப்பி வாங்க முடியவில்லை.