பந்தைத் துரத்தும் கேமரா

பள்ளிக் கால்பந்து அணிக்கு வீடியோ கேமரா தேர்ந்தெடுக்கும் வேலையைப் பெற்றோர் குழு என் தலையில் கட்டியது. ஐடிக்காரனுக்குத் தெரியாதது உண்டா என்று ஒரு நினைப்பு. நானும் இரண்டு கேமராக்களை வாடகைக்கு எடுத்துவந்து, குவேக்கர்ஸ் ஹில் மைதானத்துக் குளிரில் நின்று சோதித்தேன். ஒன்று தானாகவே பந்தைத் துரத்திப் படம் எடுக்கும். மற்றது உயரக் கம்பத்தில் அசையாமல் இருந்து மைதானம் முழுவதையும் எடுக்கும்.

கூட நின்றவர் இன்னொரு அப்பா, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகள் முன்னால் ஆடி கோல் போடுபவள். என் மகள் தடுப்பாட்டக்காரி. பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்பதுதான் அவள் திறமை. வட்டார அணிக்கு இந்த வருடம் வீடியோ பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள்.

"பந்தைத் துரத்துற கேமரான்னா என் பொண்ணு ஆடுறதே தெரியாதுங்க. முன்னாடி ஆடுற பிள்ளைங்கதான் படம் பூரா இருப்பாங்க" என்று அவருக்கு விளக்கினேன்.

"ஓம், விளங்குது. ஆனா மீட்டிங்கில நீங்கள் கதையாதேங்கோ. சொந்தப் பிள்ளைக்குக் கேக்கிற மாதிரி இருக்கும். நான் சொல்லுறன்" என்றார்.

நமக்குள் அதுதானே மரியாதை? தன் பிள்ளைக்காகத் தானே வாய் திறக்கக்கூடாது, கூட இருப்பவர் பேசவேண்டும். வாராவாரம் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு ஒரே காரில் போய்வருகிறவர்கள் நாங்கள். நம்பினேன்.

கூட்டத்தில் எழுந்து நல்ல ஆங்கிலத்தில் பேசினார். நான் சோதித்ததையெல்லாம் அழகாக எடுத்துச் சொல்லி, பந்தைத் துரத்தும் கேமராவே வேண்டும் என்று முடித்தார். இது நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று என் பக்கம் கையும் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது நான் எழுந்து மறுத்தால் மகளுக்காகச் சண்டை பிடிக்கிறேன் என்பார்கள். இதையும் அவர் யோசித்துத்தான் வைத்திருந்தார், பாவி.

வெளியே கார் அருகே வந்து என் தோளில் கை வைத்தார். "குறை நினைக்காதேங்கோ. எனக்கும் ஒரு பிள்ளைதானே." நான் கையைத் தட்டிவிட்டேன்.

முதல் ஆட்டத்தின் வீடியோ வந்ததும் மகள் சோபாவில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். அவள் முதுகு எங்கோ ஓரத்தில் வந்து போனது. லேப்டாப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள் சொன்னாரு, இந்த கேமராவை சூஸ் பண்ணதே நீங்கதானாம்?"