பி.எஸ்.ஏ. வண்டியின் உதை

இன்று காலை வெள்ளக்கடையில் இருக்கும் என் வீட்டுக்கு என் கொழுந்தனார் வந்தார். என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கே அவருடைய பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளைக் கேட்டு, என்னைக் கீழே தள்ளிப் பல்லை உடைத்தவர். பதினோரு வருடமாகியும் எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

"எங்கண்ணன் வண்டிங்க அண்ணி. இன்னிக்கு ஓட்டிட்டுத்தான் போவேன். பொம்பளைக்கு எதுக்குங்க இது?" என்றார்.

ஞாயிறுதோறும் அதில் ஏற்காடு போய் வருபவள் நான். குறுக்கே நின்றேன். என்னைச் சுவரில் மோதத் தள்ளிவிட்டு வண்டியில் ஏறினார்.

அதை உதைத்துக் கிளப்பும் முன் ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன லீவரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்கிற கிக்கர் திருப்பிக் காலிலேயே அடிக்கும். அவர் இழுக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஓங்கி மிதித்தார். காய்ந்த காப்பிக் கிளை முறிந்தது போலச் சத்தம். "ஐயோ அண்ணி, காலு!" என்று மண்ணில் புரண்டார்.

லீவரை இழுத்து, ஒரே உதையில் கிளப்பிக் காட்டிவிட்டுத்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் சம்சாரம் போனில் கத்துகிறாள்: "ஏனுங்க்கா, தெரிஞ்சும் சொல்லாம நின்னீங்களா?"

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் மேல்தான் தப்பு என்பவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். பேரை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.