மட்டாஞ்சேரித் தொகுதியும் அரிசிப் பானையில் கிடந்த ஓட்டும்

"மட்டாஞ்சேரி போகிறேன், என்ன பார்க்கலாம்?" என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். அரண்மனையைப் பற்றியும் மிளகுக் கிடங்குகளைப் பற்றியும் எழுத நூறு பேர் இருக்கிறார்கள். நான் கொச்சியை ஒட்டிய அந்த ஊருக்கு முதல்முறை போனது ஒரு தேர்தலுக்காக. 1960 பிப்ரவரி முதல் தேதி, திங்கட்கிழமை, கேரளச் சட்டமன்றத்துக்கு ஓட்டெடுப்பு. எனக்கு அப்போது இருபது வயது. ஓட்டுப் போட இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும். போதாததற்கு நான் கோயம்புத்தூர்க்காரி, அடுத்த மாநிலம். ஆக, அந்தத் தேர்தலில் எனக்கு எள்ளளவும் வேலை கிடையாது.

வேலை வைத்தது மீனா அக்கா. மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். "குழந்தையைப் பார்த்துக்க நீ வா. இந்தத் தடவை நான் தனியாப் போய் ஓட்டுப் போடணும். அத்திம்பேர் கூட வந்தால் எனக்கு ஒண்ணும் ஓடாது" என்று கடிதம் எழுதியிருந்தாள். அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குக் கோவையில் ரயில். மூன்றாம் வகுப்பு, மூன்றேகால் ரூபாய். அடுத்த தெரு மாமி ஒருவர் எர்ணாகுளம் வரை போகிறார் என்பதால்தான் அப்பா என்னை அனுப்பினார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்து தலையைப் பறவைக்கூடாக்கிவிட்டது. ஷொரணூரில் வண்டி நெடுநேரம் நின்றது. அங்கே குடித்த சாயா இரண்டணா. (நயா பைசா வந்து மூன்று வருஷம் ஆகியும் அணாக் கணக்கை யாரும் விட்டபாடில்லை.) எர்ணாகுளத்தில் மாமி இறங்கிக்கொள்ள, வண்டி பாலம் தாண்டித் துறைமுகத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகு. கட்டணம் பன்னிரண்டு நயா பைசா, கால் மணி நேரம்.

படகு ஓட்டிய சேட்டன் எந்த வீடு என்று கேட்டார். சுக்கு மண்டிக்குப் பின்னால், கப்பல் ஆபீஸ் வைத்தியநாதன் வீடு என்று அத்திம்பேர் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ! நம்ம பிரசாத சேச்சியோட அனியத்தியாணோ?"

அனியத்தி என்றால் தங்கை. படகில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அக்காவின் கதை படகுத்துறை வரைக்கும் வந்திருக்கிறது!

கதை இதுதான். 1957 தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. திரைக்குப் பின்னால் பெட்டிகளை வரிசையாக வைத்து, சின்னம் ஒட்டியிருப்பார்கள். கொடுத்த சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். அக்கா உள்ளே போனாள். ஒரே இருட்டு. வெளியே யாரோ "வேகம், வேகம்" என்று அவசரப்படுத்தினார்கள். பதற்றத்தில், ரேஷன் சீட்டோ மருந்துச் சீட்டோ கையில் எது வந்தாலும் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்ளும் வழக்கப்படி, ஓட்டுச் சீட்டையும் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்! ராத்திரி தலைப்பை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. போலீஸ் வரும் என்று பயந்து சீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். போலீஸ் வரவில்லை. ஆனால் அத்திம்பேரிடம் சொன்னாள், அது போதாதா? "எங்காத்துக்காரிக்கு ஓட்டுன்னா பிரசாதம். வாங்கிண்டு வந்துடுவா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மூன்று வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அத்திம்பேர் கெட்டவர் இல்லை. என்னைப் படகுத்துறையில் வந்து அழைத்துப் போனார்; கையில் வாழைக்காய் வறுவல் பொட்டலம். ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு மட்டும் அவருக்குத் தலைக்கு மேல் ஒரு முழம். கப்பலில் ஏறும் சரக்குக் காகிதங்களுக்கு முத்திரை குத்துவது அவர் உத்தியோகம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா ஒரு காரியம் செய்தாள். இந்த முறை பெட்டி ஒன்றுதான், ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சடித்திருக்கும், வேண்டியதற்கு நேரே முத்திரை குத்தி மடித்துப் போட வேண்டும் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அக்கா உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் பெருக்கல் குறி செதுக்கினாள். ஊதா மையைத் துணியில் நனைத்துக்கொண்டாள். காகிதத்தில் கத்திரிக்காய், முருங்கைக்காய், பூசணி, சேனை என்று நாலு படம் போட்டது நான். ஜெயிக்கிற காய் அன்றைக்கு ராத்திரிச் சமையல். சந்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓட்டுச்சாவடி, முறுக்கு டின்தான் ஓட்டுப் பெட்டி.

பக்கத்து வீட்டுப் பாத்தும்மா நாலு காய்க்கும் குத்திவிட்டு வந்தார்.

"ஒண்ணுக்குத்தான் குத்தணும் பாத்தும்மா!" என்றாள் அக்கா.

"அய்யோ, மத்த மூணு பேருக்கும் சங்கடம் ஆகில்லே?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவரை மூன்று முறை திருப்பிப் போடவைத்துதான் அக்கா விட்டாள். சேனை ஜெயித்தது. அத்திம்பேரையும் கூப்பிட்டாள்.

"தெனம் எரநூறு காயிதத்துலே முத்திரை குத்தறவனுக்கு உருளைக்கிழங்குலே பாடம் எடுக்கறியா? போன தடவை ஒழுங்காப் போட்டது யாராக்கும்?" என்று சொல்லிவிட்டு, பேப்பர் படிக்க வாசகசாலைக்குக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அக்கா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி, வீட்டிலிருந்து நடை எட்டு நிமிஷம். பெண்கள் வரிசை தனி. முக்காடு போட்டவர்கள், கொங்கணிக்காரர்கள், குஜராத்திப் பெண்கள் எல்லாரும் ஒரே வரிசையில். காற்றில் சுக்கு வாசனை. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். அக்கா உள்ளே போகும்போது புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள், முடிச்சுப் போட நுனியே கிடைக்காதபடி.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. அவளுக்குப் பின்னால் நின்ற பாத்தும்மாகூட வெளியே வந்துவிட்டார். குழந்தை அழுதது. இந்த முறையும் ஏதாவது ஆகிவிட்டால், அவள் அந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

அக்கா வந்தாள். பத்தடி தூரத்திலேயே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பிறகு தலைப்பை உருவி உதறிக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"மை காயறவரைக்கும் ஊதிண்டே நின்னேன்டீ. மடிச்சா அடுத்த சின்னத்துலே ஒட்டிக்கப்படாதோன்னோ?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழந்தையும் அழ, நானும் அழ, அவள் மட்டும் சிரித்தாள்.

அத்திம்பேர் ஒன்பதரைக்குப் போய்விட்டுப் பத்தேகாலுக்குத் திரும்பினார். வந்ததும் வராததுமாக அதிகாரிகளைத் திட்ட ஆரம்பித்தார்.

"பொறுப்பே இல்லை, கேட்டியா? மறைப்புக்குள்ளே மேஜை மேலே சர்க்கார் முத்திரையை அப்படியே வெச்சுட்டுப் போயிருக்கான். எவனாவது எடுத்துண்டு போனா என்னாகும்? நான் தொடக்கூட இல்லை. அடுத்த ஆபீஸ் முத்திரையிலே நாம கைவைக்கப்படாது, அதான் முறை."

அக்கா மோர் கலக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அப்போ சீட்டுலே குத்தல்லையா?"

"எதுக்குக் குத்தணும்? பின்பக்கம் அவாளே குத்தித்தான் குடுத்திருந்தா. ஒரு காயிதத்துக்கு ஒரு முத்திரை போறும். மடிச்சுப் பெட்டியிலே போட்டேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். பின்பக்கம் இருந்தது சீட்டு நிஜம்தான் என்பதற்கு அதிகாரிகள் வைக்கும் அடையாளம். சின்னத்துக்கு நேரே குத்தாத சீட்டு செல்லாது. அக்கா எழுந்து போய், அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு, பழைய சீட்டை எடுத்து வந்து அவர் தம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

"உங்களோடதையும் ஆத்துக்கே கொண்டுவந்திருக்கலாம். இதுக்கு ஜோடியா இருந்திருக்கும்."

அவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. மோரைக் குடிக்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

செவ்வாய்க்கிழமை காலை என்னை வழியனுப்ப இருவரும் படகுத்துறைக்கு வந்தார்கள். அதே சேட்டன். அக்காவைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்.

"சேச்சி, இந்தத் தடவை பிரசாதம் கிட்டியோ?"

படகு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்; மூன்று வருஷ வட்டியும் முதலுமாக வசூலாகியிருக்கும். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது.

இனி, வாசகி கேட்ட பயணக் குறிப்பு. மட்டாஞ்சேரி போகிறவர்கள் எர்ணாகுளத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள். தீவு ஸ்டேஷனை நம்பாதீர்கள். அங்கிருந்து தண்ணீர் வழியாகவே போங்கள், நேரத்தையும் கட்டணத்தையும் துறையில் கேட்டுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அரண்மனை மூடியிருக்கும். மட்டாஞ்சேரி என்ற பெயரில் சட்டமன்றத் தொகுதியைத் தேடினால் இப்போது கிடைக்காது. எல்லை மாற்றியபோது கொச்சி என்று ஆக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் எனக்கு இருபத்தொன்று ஆயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை ஓட்டுச்சாவடிக்குள் நுழையும்போது, புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்கிறேன்.

அன்றைக்குப் படகில் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? அத்திம்பேர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்.

"இல்லை சேட்டா. இந்தத் தடவை அவ சரியாப் போட்டா. வெறுங்காயிதத்தைப் போட்டுட்டு வந்தவன் ஞான், நானாக்கும்."

அக்கா குழந்தையை அத்திம்பேர் கையில் கொடுத்துவிட்டு, அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.